பனி என்று எழுதினேன்

1959 பெப்ரவரி 3, செவ்வாய்
வெள்ளைப் பனி. தொட்டித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஏடு. நாற்றுமேடையில் ஆறு பாத்தித் தேயிலைக் கன்றுகள் நுனி கருகிக் கிடக்கின்றன. தண்ணீர் ஊற்றும் முத்தாயி குந்திப் பார்த்தாள். "என்னங்க கணக்கப்பிள்ளை, சுருட்டு வச்சுச் சுட்டாப்ல இருக்கு!" அவளுக்குச் சிரிப்பு. வியாழன் தோட்டத்துத் துரை பார்வையிட வருகிறார். கன்று போனால் என் வேலை போகும். வேலையோடு வீடும்.

மை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

பெப். 4, புதன்
பனி அல்ல. பனியென்றால் திறந்த வெளிப் பாத்திதான் முதலில் கருகும். அவை பச்சை. அவற்றுக்கு இன்னும் உரம் வைக்கவில்லை. கருகியவை பந்தலுக்குள். இலை ஓரம் பழுப்பு, நடு பச்சை. மண்மேல் வெள்ளையாக உப்பு. ஒன்றைப் பிடுங்கினேன், வேர்நுனியும் பழுப்பு. உரம் சுட்டிருக்கிறது.

செய்தது நான். மண்ணை முதலில் நனைக்க வேண்டும், உரம் ஊற்றிய பிறகு இலையை வெறுந்தண்ணீரில் கழுவ வேண்டும். அதற்கு இன்னும் நாலு ஆள் வேண்டும். விடியலில் ஆட்கள் கூடும் பெரட்டில் ஆள் பிரிப்பவன், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ராசையா. எட்டாம் வகுப்புதான் படித்தவன். எனக்கு வரவேண்டிய வேலை. ஆறு வருடமாக அவனை ஐயா என்று கூப்பிட்டதில்லை, கூப்பிடாமலே பேசிப் பழகிவிட்டேன். போன வாரம் அவனிடம் கேட்கப் பிடிக்காமல், இருந்த இரண்டு பெண்களை வைத்து, பாதித் தண்ணீரில் முழு உரத்தைக் கரைத்து ஊற்றச் சொன்னேன்.

மாலை அவனே வந்தான். பார்த்ததும் புரிந்துகொண்டான். "பனின்னு எழுதிடுங்க. நானும் ஆமான்னுடறேன். துரை குனிஞ்சா பாக்கப் போறாரு?"

அவன் இரக்கப்படுகிறான். என்மேல்.

பெப். 5, வியாழன்
நாற்றுமேடைப் புத்தகத்தில் பனி என்றே எழுதினேன். துரை வாசித்தார். "பனியா? சரி. நாளைக்கு உரம் போடு, தேறும். எல்லாப் பாத்திக்கும்."

ராசையா என்னைப் பார்த்தான். நான் புத்தகத்தை மூடினேன்.

இப்போது உரம் போட்டால் மிச்சமும் சாகும்.

பெப். 6, வெள்ளி
பெரட்டு. கம்பளி போர்த்திய பெண்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"ஐயா, எட்டு ஆள் வேணும்."

பேர்ப் புத்தகத்திலிருந்து ராசையா நிமிரவில்லை. "உரத்துக்கா?"

"வெறுந்தண்ணிக்கு. உரம் சுட்டுருச்சு. நான்தான்."

பின்னால் முத்தாயி: "அடி ஆத்தே, கணக்கப்பிள்ளை வாயில ஐயாவா!" ஒரே சிரிப்பு. காது சுட்டது.

எட்டுப் பேரும் கிடைத்தார்கள். "துரைகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றான் ராசையா. நடந்ததைக் கடிதமாக எழுதி ஆபீசில் கொடுத்தேன்.

மூன்று தடவை வெறுந்தண்ணீர். மேல் உப்பைச் சுரண்டி எடுத்தோம். புதுத் தளிர் வரும்வரை உரம் கிடையாது. பிறகும் பாதி உரம், முழுத் தண்ணீர், ஈர மண்ணில் மட்டும், கையோடு இலை கழுவ வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா?

பெப். 9, திங்கள்
சாரல். நாலு பாத்தி போய்விட்டது. மூன்றாவதில் சில குருத்து பச்சை. ஐந்தாவது சொல்லத் தெரியவில்லை. அங்கே நிற்கும்போது ஆபீஸ் பியூன் வந்தான். துரை உடனே வரச் சொன்னாராம்.

சட்டை மாற்ற வீட்டுக்கு வந்தேன். வாசலில் ராசையா, குடையோடு. தானும் வருகிறானாம். சட்டையை மாற்றிக்கொண்டு அவன் குடைக்குள் நுழைந்தேன்.