கேப்பை அரைத்த உபதேசியார்

என் அருமை அப்பா,

"வேதத்தச் சொல்லிக்குடுக்க வந்தீகளா, இல்ல கேப்பை அரைக்க வந்தீகளா?" என்று சபை மூப்பர் உங்களிடம் கேட்டாரே, நினைவிருக்கிறதா? நம் வீட்டு முற்றத்தில், மாவு படிந்த கையோடு நிமிர்ந்து பார்த்தீர்கள். "ரெண்டுக்குந்தான் அண்ணே. உள்ள ஒருத்தி பசியோட படுத்திருக்கால்ல" என்றீர்கள். அவ்வளவுதான். மறுபடி குனிந்து திருகையைச் சுற்றத் தொடங்கிவிட்டீர்கள்.

நானும் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு சுருக்கமான ஒரு பதில் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

உங்களைத் தெரியாதவர்களும் இந்தக் கடிதத்தைப் படிப்பார்கள். அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு, கோம்பைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சபைக்கு நீங்கள் உபதேசியார். ஞானஸ்நானம் பெற விரும்புகிறவர்களுக்கு ஜெபமும் பத்துக் கட்டளைகளும் விசுவாசப் பிரமாணமும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை. சபை கொடுத்த வீட்டில் குடியிருந்தோம். வேலை போனால் வீடும் போய்விடும்.

தம்பி பிறந்த மூன்றாம் மாதம் அம்மாவைக் குளிர்காய்ச்சல் பிடித்தது. கொயினா மருந்தின் கசப்பில் சோறு இறங்கவில்லை. கேப்பைக் கூழ் மட்டும்தான் உள்ளே போனது. எனக்கு ஒன்பது வயது. திருகையின் மேல்கல்லை என்னால் அசைக்கக்கூட முடியாது. அதனால் சபைக் கோயிலில் வகுப்பு எடுக்க வேண்டிய சாயங்கால நேரத்தில் நீங்கள் கல்லின் முன்னால் உட்கார்ந்தீர்கள். ஆண்பிள்ளை யாரும் அந்த ஊரில் அப்படி உட்கார்ந்ததில்லை.

முதலில் வெள்ளையம்மா அக்காதான் பார்த்தாள். ஞானஸ்நான வகுப்பில் பெயர் இருந்தும் வகுப்புக்கே வராதவள். "ஏ ஆத்தா, இங்கன வந்து பாருங்கடி! உபதேசியாரு கல்லோட மல்லுக்கட்டுறாக!" என்று தெருவையே கூட்டிவிட்டாள். நாலைந்து பெண்கள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்கள்.

நீங்களும் சிரித்தீர்கள். "சிரிச்சது போதும். மாவு ஏன் நொய்யா வருதுன்னு சொல்லு தாயி" என்றீர்கள்.

"குழி நெறைய அள்ளிப் போட்டா நொய்யாத்தான வரும்? ஒரு பிடிதான் போடணும். தள்ளுங்க, நான் புடிக்கேன்." எதிரே உட்கார்ந்து அவளும் கைப்பிடிக் கட்டையைப் பிடித்தாள்.

"ஏன் வகுப்புக்கு வரல?" என்று அப்போதுதான் கேட்டீர்கள். கோபமாகக் கேட்கவில்லை.

"காட்டுல இருந்து வந்து அரைக்கணும், காய்ச்சணும். ஒங்க கோயில்ல வந்து சும்மா ஒக்காந்தா எங்க வீட்ல ஒல கொதிக்குமா? கல்லக் கேளுங்க, எனக்கு எங்க நேரம்னு."

நீங்கள் ஒரு பிடி கேப்பையை அள்ளிக் குழியில் போட்டீர்கள். பிறகு ஒரு சுற்றுக்கு ஒரு வரி என்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லத் தொடங்கினீர்கள். அவள் திருப்பிச் சொன்னாள். மறுநாள் தன் கேப்பையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் ஆறு பெண்கள் முறைவைத்து அரைத்தார்கள். கோயிலில் விளக்கு எரியவில்லை. நம் முற்றத்தில் வகுப்பு நடந்தது. உள்ளே படுத்திருந்த அம்மா, யாராவது வரி தப்பினால் சுவரைத் தட்டுவாள்.

மூப்பர், போடியிலிருந்த நம் குருவானவர் ஐயருக்கு எழுதிப் போட்டார். வகுப்பு நடக்கவில்லை, உபதேசியார் பெண்களோடு உட்கார்ந்து மாவரைக்கிறார் என்று. அதில் பொய் ஒன்றுமில்லையே? தானே வந்து பெண்களைச் சோதிப்பதாகவும், பதில் வராவிட்டால் வேறு உபதேசியாரை வைப்பதாகவும் ஐயர் பதில் அனுப்பினார். அதை நீங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டியதைக் கதவோரம் நின்று கேட்டேன். "இந்தக் காச்சலோட எங்கன போறது?" என்றாள் அம்மா. நீங்கள் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டீர்கள்.

ஐயர் போடியிலிருந்து வில்வண்டியில் வந்தார். கோயிலில் பாய் விரித்து ஆறு பெண்களும் உட்கார்ந்தார்கள். முதல் கேள்வி வெள்ளையம்மா அக்காவுக்கு. அவள் வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. அடுத்தவளுக்கும் வரவில்லை. மூன்றாமவள் அழுதேவிட்டாள். மூப்பர் தொண்டையைச் செருமினார். நீங்கள் ஒரு எழுத்துகூட எடுத்துக்கொடுக்கவில்லை. அப்போது என்ன நினைத்தீர்கள் அப்பா? கடைசிவரை கேட்காமலே இருந்துவிட்டேன்.

வெள்ளையம்மா அக்கா எழுந்தாள். "அய்யா, கோவிச்சுக்காதீக. சும்மா ஒக்காந்தா வரமாட்டேங்குது. அந்தத் திருகையக் கொண்டாரச் சொல்லுங்க."

"கோயிலுக்குள்ள திருகையா?" என்று மூப்பர் துள்ளினார்.

ஐயர் பதிவேட்டை மூடினார். "சரி, அப்ப நாம வெளியே போவோம். நீங்க ஒரு கல்லத் தூக்குங்க, உபதேசியார் ஒரு கல்லத் தூக்கட்டும்."

கோயில் வாசல் வேப்பமரத்தடியில் நீங்கள் வைத்த கல்லின் மேல், மூப்பர் தன் பங்குக் கல்லை மூச்சு வாங்கக் கொண்டுவந்து வைத்தார். அக்கா கட்டையைப் பிடித்தாள். ஒரு சுற்று, ஒரு வரி. தடையே இல்லை. பாதியில், "வெறுங்கல்லச் சுத்தாதடி, கல்லு தேஞ்சிரும்!" என்று ஒரு குரல். அம்மா! ஒரு மாதமாக வாசலைத் தாண்டாதவள், சுவரைப் பிடித்து நடந்து வந்து, முந்தானையில் கொண்டுவந்த கேப்பையை ஒரு பிடி குழியில் போட்டாள். ஆறு பேரும் மாறி மாறி ஆமென் வரை அரைத்து முடித்தார்கள்.

ஐயர் மாவைக் கிள்ளிப் பார்த்தார். "ஒரு வரி விடல. மாவும் நைசா இருக்கு."

அப்போது நீங்கள் சொன்னதுதான் எனக்கு ஆசிரியப் பயிற்சி. "தப்பு என்மேலதான் அய்யா. கல்லு இல்லாம ஒரு நாளாச்சும் சொல்லவச்சுப் பாத்திருக்கணும்." வேலை தப்பிய சந்தோஷத்திலும் உங்கள் தவறைத்தான் முதலில் சொன்னீர்கள். நான் வாய்ப்பாட்டைக் கயிறு தாண்ட வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் கயிற்றைப் பிடுங்கி வைத்துவிட்டும் கேட்டேன். உங்கள் தவறுக்கு நான் செலுத்திய நன்றி அது.

அடுத்த ஞாயிறு ஆறு பேருக்கும் ஞானஸ்நானம் ஆயிற்று. அம்மா தேறி எழுந்த பிறகும் நீங்கள் கல்லை விடவில்லை. "எந்திரிங்க, ஊரு சிரிக்குது" என்பாள். "ஊரு சிரிச்சு முடிச்சு ரொம்ப நாளாச்சு, நீ புள்ளையப் பாரு" என்பீர்கள்.

இங்கே தேனியில் எல்லோரும் சுகம். உங்கள் பேரன் காலையில் தோசை சுடுகிறான். அவன் மனைவி பக்கத்தில் மொச்சை உரித்தபடி இலாகாப் பரீட்சைக்குச் சத்தமாகப் பாடம் சொல்கிறாள். அது நான் சொல்லிக்கொடுத்த வழி. எதற்குத் தோசை சுடுகிறாய் என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல அவனுக்கு உங்கள் பதில் தெரியும்.

திருகை என்னிடம்தான் இருக்கிறது. கைப்பிடிக் கட்டை இற்றுவிட்டது. இந்த மாதமே புதுக் கட்டை போட்டு, அம்மாவின் நினைவு நாளன்று ஒரு படி கேப்பையை நானே அரைத்துக் கூழ் காய்ச்சுவேன். இது உங்களுக்கு என் வாக்கு.

இதைப் படிக்கிறவர்களே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் நேரமே இல்லை என்று சொல்கிறவர் கையிலிருக்கும் வேலையில் பாதியை இன்று வாங்கிச் செய்யுங்கள். பேச வேண்டியதை அதன் பிறகு பேசுங்கள்.

உங்கள் மூத்த மகள்,
ஞானம்