பச்சை ரப்பர்

சுங்கைப் பட்டாணி
2-5-2603

அன்புள்ள புஷ்பவள்ளிக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு ஏதாவது கண்ணில் படுகிறதா? இங்கிருந்து போகும் கடிதங்களை முகாமில் கணக்கெழுதும் கிராணி படித்துப் பார்த்துத்தான் விடுகிறார். அதனால் கொஞ்சவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதுவதை மட்டும் லாரிக்காரப் பழனியாண்டி அண்ணன் நேராக என் கையில் கொடுத்துவிடுவார்.

விமானம் பழுதுபார்க்கும் பயிற்சி இன்னும் ஏழு வாரத்தில் முடிகிறது. ஒவ்வொருவரும் ஒரு வேலையைத் தானே தேர்ந்தெடுத்துச் செய்து காட்ட வேண்டும். முதலாவதாக வருபவனுக்குச் சிங்கப்பூர்ப் பெரிய பட்டறையில் இடம். எல்லாரும் என்ஜினைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மூலையில் கிடக்கும் பெட்ரோல் தொட்டி ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். குண்டு துளைத்தது. ஓட்டை விழுந்தவுடன் அது தானாக அடைபட ஏதாவது வழி உண்டா? தோற்றால், ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த என்னைத் "தோட்டத்தான் புத்தி" என்று சொல்ல ஆள் தயாராக இருக்கிறது. அந்தப் பேச்சை ஒருமுறையாவது பொய்யாக்க வேண்டும்.

உன்
சீனிவாசகம்

பீடோங்
11-5-1943

அன்புள்ள அத்தானுக்கு,

தேதியில் 2603 என்று பார்த்ததும் பயந்துவிட்டேன். ஜப்பான்காரன் கணக்கு என்று பழனியாண்டி அண்ணன் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அத்தனை வருடம் என்னால் காத்திருக்க முடியாது.

நேற்று விடியலில் ரப்பர் ஸ்டோரில் ஒரு கூத்து. ரப்பர் பால் உறைந்து அப்போதுதான் மெஷினில் இழுத்த வெள்ளைச் சீட்டின் மேல் விளக்கைக் கவிழ்த்துவிட்டேன். அரிதாய்க் கிடைத்த மண்ணெண்ணெய் அவ்வளவும் போச்சு. இன்று போய்ப் பார்த்தால் நனைந்த இடமெல்லாம் பூரிபோல் உப்பிக் கிடக்கிறது! எங்களை வேலை வாங்கும் மண்டோர் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. என் டயர் செருப்பும்தான் நனைந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சாத பச்சை ரப்பருக்கு மட்டும் ஏன் அவ்வளவு தாகமோ?

உங்கள்
புஷ்பவள்ளி

சுங்கைப் பட்டாணி
30-5-2603

அன்புள்ள புஷ்பவள்ளிக்கு,

மண்டோரிடம் நீ வாங்கிய திட்டு வீண்போகவில்லை. தொட்டியைச் சுற்றிப் பச்சை ரப்பர் வைத்து, மேலே கான்வாஸ் தைத்து, பெட்ரோல் ஊற்றினேன். ஆணியால் குத்திப் பிடுங்கினேன். கொஞ்சம் சொட்டியது, பிறகு நின்றேவிட்டது! ரப்பர் பெட்ரோலைக் குடித்து உப்பி, ஓட்டையை அடைத்துக்கொண்டது. கூடப் படிக்கும் பிச்சை, "டேய், சிங்கப்பூருக்கு நீதான்லா!" என்று என்னைத் தூக்கிவிட்டான். புஷ்பம், நான் இவ்வளவு சந்தோஷப்பட்டு நாளாயிற்று.

ஆனால் போன வருடம் சிங்கப்பூர் போனவர்களை அங்கிருந்து எந்தத் தீவுக்கோ கப்பலேற்றிவிட்டார்களாம். ஒருவரிடமிருந்தும் கடிதம் இல்லை. நீ என்ன சொல்கிறாய்?

உன்
சீனிவாசகம்

பீடோங்
8-6-1943

அன்புள்ள அத்தானுக்கு,

போங்கள். என்னால்தான் போகாமல் நின்றீர்கள் என்ற பேர் எனக்கு வேண்டாம். லாரி என்ஜினைத் திறந்து போட்டுவிட்டுச் சோற்றை மறந்தவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டு மருதம்மாள் அக்கா துணைக்கு வந்து படுத்துக்கொள்கிறாள்.

இங்கே வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. அங்கே கொஞ்சம் புளி கிடைத்தால் அண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள்
புஷ்பவள்ளி

சுங்கைப் பட்டாணி
20-6-2603

அன்புள்ள புஷ்பவள்ளிக்கு,

நேற்றுப் பரீட்சை. எல்லார் முன்னாலும் தொட்டி ஒழுகிக்கொண்டே இருந்தது. பச்சை ரப்பர் என்று நினைத்து டயர் ரப்பரை வைத்துத் தைத்துவிட்டேன். கான்வாஸ் மூடியிருந்ததால் முன்பே தெரியவில்லை. ஆசிரியர் கன்னத்தில் ஓர் அறை விட்டார். கிராணி பக்கத்தில் நின்று, "தோட்டத்தான் புத்தி" என்றார். உடனே எல்லாரும் அதை நம்பிவிட்டார்கள்.

சிங்கப்பூருக்குப் பிச்சை போகிறான். நான் விமானத்துக்கு லாயக்கில்லை என்று இங்கேயே கிடங்கில் போட்டுவிட்டார்கள். ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போய் வரலாமாம். புளி இரண்டு உருண்டை அனுப்பியிருக்கிறேன்.

உன்
சீனிவாசகம்

பீடோங்
23-6-1943

அன்புள்ள அத்தானுக்கு,

பால் மரத்தடியில் தொட்டில் கட்டி வளர்ந்தவர் நீங்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் வாசனையிலேயே பச்சை ரப்பரைச் சொல்லிவிடுவீர்கள். வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் தைத்தீர்களாக்கும்!

பழனியாண்டி அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். "நீ வாந்தி எடுக்கிறத நான்தான் போன வாரம் அவருகிட்ட சொல்லிட்டேன், தங்கச்சி. அவரு லாரிய புடிச்சிக்கிட்டு நின்னாருலா" என்றார். முதலில் உங்கள்மேல் கோபம்தான் வந்தது. பிறகு அழுதேன். ஆமாம், மூன்று மாதம். சொன்னால் நின்றுவிடுவீர்கள் என்றுதான் மறைத்தேன். நான் மறைத்தும் நின்றுவிட்டீர்கள்.

ஆசைப்பட்ட வேலையை உங்கள் கையாலேயே கெடுத்துக்கொண்டீர்களே, அது எனக்கு ஆறாது. பிள்ளை வளர்ந்ததும் அந்தத் தொட்டியின் கதையை நானே சொல்லுவேன். ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வாருங்கள். அறை விழுந்தது எந்தக் கன்னம் என்று நீங்கள் எழுதவில்லை.

உங்கள்
புஷ்பவள்ளி

பி.கு.: நீங்கள்தான் முதலாவதாக வந்தீர்கள் என்று சொல்ல இந்தத் தாள் ஒன்றுதான் இருக்கிறது. கிராணி கண்ணில் படுவதற்குள் படித்துக் கிழித்துவிடுங்கள்.