கோமு வாய்விட்டுப் படித்த நாள்

அக்கா,

இன்று காலை எங்கள் கட்டிடத்தின் மாடிப்படிச் சுவரில் யாரோ ஒரு குழந்தை சாக்பீஸால் கிறுக்கி வைத்திருந்தது. காவல்காரர் ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் பால் வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். நனைந்த சுண்ணாம்பின் வாசனை மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. டோம்பிவிலியில், மகள் வீட்டுப் படியில், ஒரு குறையும் இல்லாத காலை நேரத்தில், எண்பதை நெருங்கும் நான் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

இது எந்த வாசனை என்று உனக்குத் தெரியும். தாராவியில், கோலி என்று சொல்லும் நம் ஒற்றை அறை வீட்டின் பலகைக் கதவை நான் அழுத்தி அழுத்தித் துடைத்தபோது நீ பக்கத்தில்தான் நின்றாய்.

கொழும்புக்குப் போன அத்தானிடமிருந்து தகவல் வருவது நின்றுபோன பிறகு நீ எங்களோடு வந்து இருந்தாய். அந்த ஒற்றை அறையில் நான், கோமுவின் அப்பா, எங்கள் நான்கு வயது மகள் கோமு, நீ. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டு வரைக்கும் படித்தவள் நீ. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அடுத்த வருஷம் கோமுவை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அங்கே ஒரு வகுப்பில் அத்தனை பிள்ளைகள், வாத்தியாருக்கு இவள் முகமே தெரியாது, வீட்டிலேயே எழுத்தைக் காட்டிவிடுவோம் என்று நீதான் ஆரம்பித்தாய்.

அ, ஆ என்று தொடங்குவாய் என்று நினைத்தேன். நீ ட-வில் தொடங்கினாய். ஏன் என்று கேட்டேன்.

“அ-வுக்கு எத்தன வளைவு இருக்கு, பாத்தியா? பச்சப் பிள்ள கைக்கு அது வருமாட்டி? ட-ன்னா ரெண்டே கோடு. மொதல்ல ஒண்ணு தனக்கு வந்துட்டுன்னு அவளுக்கே தெரியட்டும்” என்றாய்.

சுவரும் தரையும் சேரும் மூலை ட. மூடியில்லாத பெட்டி ப. அந்தப் பெட்டிக்கு ஒரு சுழி போட்டால் ம. எழுத்தின் பெயரைவிட அதன் சத்தத்தைத்தான் நீ முதலில் கொடுத்தாய். அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு ப-வில் தொடங்கும் சாமான் ஒன்று கொண்டுவா என்பாய். அவள் பருப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவாள். கடையிலிருந்து வரும் பொட்டலத் தாளைக் கூட எறியவிடமாட்டாய். அதை விரித்து வைத்து எத்தனை ம இருக்கிறது என்று இருவரும் தேடுவீர்கள். அறைக்குள் வெளிச்சம் போதாது. அதனால் வாசற்படியில் உட்கார்ந்து கதவின் வெளிப்பக்கத்தில் எழுதினீர்கள். சந்தில் போகிறவர்களுக்கெல்லாம் நம் கதவுதான் கரும்பலகை.

அவளை நீ பட்டு என்றுதான் கூப்பிடுவாய். ஒருநாள் அந்தப் பெயரையே கதவில் எழுதி, ஒவ்வோர் எழுத்தின் மேலும் அவள் விரலை வைத்து நகர்த்தினாய். ப, ட், டு என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் திடீரென்று நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து வேகமாகச் சொன்னாள். பிறகு உன் முகத்தைப் பார்த்து, “நானா?” என்றாள். நீ தலையை ஆட்டினாய். உன் கண் நிறைந்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் வாய் மூடவில்லை. மாட்டுங்காவுக்குப் போனால் தமிழ்க் கடைப் பலகைகளில் தெரிந்த எழுத்தையெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். பேருந்தில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு நின்றது அறுபதுகளின் கடைசியில். மதராஸிகள் வந்து மராத்திக்காரர்களின் வேலையைப் பறித்துக்கொண்டார்கள் என்ற பேச்சு முதலில் குழாயடியில் என் காதில் விழுந்தது. பிறகு ஓட்டல் கண்ணாடிகளை உடைத்தார்கள் என்றார்கள். பிறகு தமிழ்ப் பலகை வைத்த கடைகள் மேல் கல் விழுந்தது. கோமுவின் அப்பா டிராம்பேயில் எண்ணெய் ஆலைப் பக்கம் வேலைக்குப் போய்வந்தார். ஒருநாள் சாயங்காலம் சட்டைப் பை கிழிந்து தொங்க வீட்டுக்கு வந்தார். உள்ளே வருமுன் கதவைப் பார்த்தபடியே நின்றார்.

“இனிமே வாசல்ல ஒரு எழுத்து இருக்கக் கூடாது. பிள்ள வெளிய வாயத் தெறந்து படிக்கக் கூடாது” என்றார்.

நான் துணியை நனைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். சாக்பீஸ் போய்விட்டது; ஆனால் பலகையின் வரிகளுக்குள் வெள்ளை தங்கிவிட்டது. எனக்கு அது இன்னும் தெரிவதுபோலவே இருந்தது. திரும்பத் திரும்பத் துடைத்தேன். எழுத்தெல்லாம் எங்கே என்று கோமு கேட்டாள். வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நீ சொன்னாய்.

அன்றிலிருந்து புது விளையாட்டு ஒன்று கண்டுபிடித்தாய். வெளியே எந்த எழுத்தைப் பார்த்தாலும் வாயால் படிக்கக் கூடாது, கண்ணால் படித்துவிட்டு விரலால் உன் உள்ளங்கையில் எழுத வேண்டும். சரியாக எழுதினால் நீ அவள் விரலை மெல்ல அழுத்துவாய். அவளுக்கு அது விளையாட்டு. நானோ வெளியே போகும்போதெல்லாம் அவள் எப்போது மறந்து வாயைத் திறப்பாளோ என்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அந்த நாட்களில்தான் அவளுக்குக் காதில் சீழ் வைத்தது. காய்ச்சல் வேறு. மாட்டுங்காவில் நமக்குப் பழக்கமான டாக்டரிடம் போகாமல் இருக்க முடியவில்லை. போகும்போது தெரு அமைதியாகத்தான் இருந்தது. மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் பேருந்து நின்றுவிட்டது. முன்னால் கூட்டம். கண்ணாடி நொறுங்கும் சத்தம். ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். நாலைந்து பேர் ஏறினார்கள். ஒவ்வோர் இருக்கையாக நின்று எந்த ஊர், என்ன வேலை என்று மராத்தியில் விசாரித்துக்கொண்டே வந்தார்கள். நமக்கு இரண்டு இருக்கை முன்னால் இருந்த ஒருவரின் சட்டையைப் பிடித்து இறக்கினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

கோமு உன் மடியில் ஜன்னலோரம் இருந்தாள். நடைபாதையில் ஒரு ஜவுளிக்கடைப் பலகை பாதியாக உடைந்து மல்லாந்து கிடந்தது. மிஞ்சிய பாதியில் பெரிய சிவப்பு எழுத்தில் பட்டு என்று இருந்தது. அவள் பெயர். அவள் அதைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. உதடு பிரிந்தது.

நான் அவள் வாயைப் பொத்தக் கையை நீட்டினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்திவிட்டாய். பொத்தியிருந்தால் நம்மை நாமே காட்டிக்கொடுத்திருப்போம் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உன் மறு கை கோமுவின் விரல்களுக்குக் கீழே விரிந்திருந்தது. அவள் அதில் எழுதினாள். ஒரு பெட்டி. ஒரு மூலை. அதற்குள் ஏறியவர்களில் ஒருவன் நம்மிடம் வந்துவிட்டான். இளைஞன்தான், நெற்றியில் வியர்வை. குனிந்து, ஜன்னல் வழியே என்ன பார்க்கிறாய் என்று அவளைக் கேட்டான்.

சந்தில் மராத்திப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள் அல்லவா. “காஹி நாஹி” என்றாள். ஒன்றுமில்லை என்று அவர்கள் சொல்வதுபோலவே சொன்னாள். அவன் அவளைப் பார்த்தான், அவள் காதில் வைத்திருந்த பஞ்சைப் பார்த்தான், பிறகு நம் இருவரையும் பார்த்தான். அவன் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டான்.

வீடு வந்து சேர்ந்தோம். காது ஆறிவிட்டது. ஆனால் கோமு படிப்பதை நிறுத்திவிட்டாள். நீ சிலேட்டில் ப எழுதிக் காட்டினால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். வீட்டுக்குள் தமிழ் பேசும்போதும் கதவைப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள். உன் உள்ளங்கையை நீட்டினாலும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். தெரு அடங்கி, கடைகள் திறந்து, பெரியவர்கள் எல்லோரும் பழையபடி நடமாடத் தொடங்கிய பிறகும் அவள் மாறவில்லை. அதுவரை கூட்டத்துக்குப் பயந்த நான் இப்போது என் பிள்ளைக்காகப் பயந்தேன். இவள் இப்படியே ஊமையாக இருந்துவிடுவாளோ என்ற பயம், மற்றதைவிட மோசம்.

அவள் அப்பா, விட்டுவிடுங்கள், இந்திப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்றார். நீ அவரிடம் எதிர்த்துப் பேசியதே கிடையாது. அன்றைக்கும் மெதுவாகத்தான் சொன்னாய். “எந்தப் பாஷையில வேணும்னாலும் படிக்கட்டும், மாப்பிள்ள. வாயப் பொத்திக்கிட்டுப் படிக்க வேண்டாம்.”

மறுநாள் சாயங்காலம் எங்கள் இருவரையும் மாஹிம் பக்கம் தண்டவாளத்தை ஒட்டிய மதிலுக்கு அழைத்துக்கொண்டு போனாய். எதற்கு என்று சொல்லவில்லை. மதிலில் சாக்பீஸால் பட்டு என்று எழுதினாய். யாராவது பார்க்கப் போகிறார்கள், வா போய்விடலாம் என்று நான் உன் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“எனக்கும்தான் பயமா இருக்கு. பயம் போன பொறவுதான் படிக்கணும்னா, எப்பப் படிக்க?” என்றாய்.

லோக்கல் ரயில் வந்தது. தரை அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்குள் நீ வாயைப் பெரிதாகத் திறந்து அந்த எழுத்துகளைக் கத்தினாய். பக்கத்தில் நின்ற எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. உன் வாய் அசைவதும் கழுத்து நரம்பு புடைப்பதும்தான் தெரிந்தது. கோமு உன்னை அண்ணாந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடுத்த ரயிலில் அவளும் கத்தினாள் என்று நினைக்கிறேன். கையை வாயிலிருந்து எடுத்திருந்தாள். அதற்கடுத்த ரயிலில் நீ என் தோளைத் தட்டினாய். காவலுக்கு நிற்பதுபோல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்த நானும் திரும்பி நின்று கத்தினேன்.

ரயில் சட்டென்று முடிந்துவிட்டது. நீயும் நானும் நிறுத்திவிட்டோம். கோமு நிறுத்தவில்லை. “பட்டு” என்ற அவள் குரல் மட்டும் அந்த அமைதியில் தனியாக, கணீரென்று நின்றது.

தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். நாம் மூவரும் அசையவில்லை. அவர் மதிலைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். அவ்வளவுதான். கோமு எழுத்தின் மேல் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தாள், இந்த முறை சாதாரணக் குரலில், அந்த மனிதருக்கும் கேட்கும்படி.

ஜூன் மாதம் அவள் தமிழ்ப் பள்ளிக்கே போனாள். படித்தாள், வங்கியில் வேலை பார்த்தாள், ஓய்வும் பெற்றுவிட்டாள். பேருந்தில் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. நான் சொல்லவும் இல்லை. கடைசியாக ஊரில் உன்னைப் பார்க்க வந்தபோது, படுக்கையில் இருந்தபடி, இன்னும் பயப்படுகிறாயா என்று என்னைக் கேட்டாய். ஆமாம் என்றேன். நீயும் ஆமாம் என்பதுபோல் என் கையைப் பிடித்துக்கொண்டாய். அதற்குப் பிறகு நாம் பேசிக்கொள்ள வாய்க்கவில்லை.

இப்போது தினமும் காலையில் தமிழ்ப் பேப்பரை வாய்விட்டுப் படிக்கிறேன், அக்கா. வேகம் இல்லை, ஆனால் படிக்கிறேன். முதல் வரிக்குக் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. கண் கதவுப் பக்கம் போய்வருகிறது. பயம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதுவும் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே அடுத்த வரிக்குப் போகிறேன்.