ஒன்பதாம் தடைக்குக் கீழே ஒரு கிணறு

என் ஆசை மச்சான் ஏகாம்பரத்துக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. குதிரைப் போட்டி முடிந்துவிட்டது. எப்படி நடந்தது என்று கேட்க நீ இல்லை. சொல்லாமல் இருக்க என்னாலும் முடியவில்லை.

புதுப்பட்டினத்துக்கு வடக்கே அந்தச் சவுக்குத் தோப்பில் நாம் இருவரும் தடம் அளந்தது நினைவிருக்கிறதா? கல்பாக்கத்தில் மண்வேலை மேஸ்திரிகளாக இருந்த நமக்குக் குதிரை தாண்டும் தடையைப் பற்றி என்ன தெரியும்? போட்டியை நடத்தும், குதிரைப்படையில் இருந்து ஓய்வு பெற்ற கேப்டன்தான் வரைபடத்தை விரித்துக் காட்டினார். "தடைக் கட்டைய விட மண்ணப் பாருங்க. குதிரை ஏறும்போது விழாது, இறங்கும்போதுதான் விழும்" என்றார். பதினெட்டுத் தடைகள். ஒன்பதாவதை நீ ஒருவனாகவே முடித்தாய். அந்த வாரம் நான் காய்ச்சலில் கிடந்தேன். புரட்டாசியில் உனக்கு மார்பு வலி வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

ஐப்பசி, கார்த்திகை மழை இந்த வருஷம் பொய்த்துப்போனது. பொங்கல் கழிந்து, போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, யாரும் எதிர்பாராத மழை. விடிந்ததும் தடம் முழுக்க நடந்தேன். மணல் பூமிதானே, தண்ணீரைக் குடித்துவிட்டிருந்தது. ஒன்பதாவது தடையில் மட்டும், குதிரை வந்து இறங்கும் பக்கம், மண் வட்டமாக ஒரு சாண் உள்வாங்கியிருந்தது. கடப்பாரையைக் குத்தினேன். என் கைப்பிடி வரைக்கும் தடையில்லாமல் இறங்கியது.

உன் மனைவி, என் தங்கை கன்னியம்மாள், மணல் சுமக்கும் பெண்களோடு அங்கேதான் இருந்தாள். நீ போனபின் தானே கேட்டு வேலைக்கு வந்தவள். கூப்பிட்டேன்.

"இங்க இன்னா இருந்துச்சி, கன்னிம்மா?"

கூடையை இறக்கி வைத்தாள். பிறகு, "கெணறுண்ணா. பாழுங்கெணறு. அவுருதான் மண்ணப் போட்டுத் தூத்தாரு."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"மழையில மண்ணு அமுங்கட்டும், அப்பால கல்லு போட்டு இடிச்சிக்கலாம்னாரு. அதுக்குள்ளதான் பூட்டாரே. எனுக்கும் மறந்தே போச்சிண்ணா."

உண்மையா மச்சான்? அப்படித்தான் நினைத்திருந்தாயா? இல்லை, உன் பேரைக் காப்பாற்ற அவளாகச் சொன்னாளா? இனி யாரிடம் கேட்பேன்?

நாலு கூடை மணலைக் கொட்டி மட்டம் செய்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு எனக்கு வந்தது, மறைக்கவில்லை. கேப்டனிடம் சொன்னால், செத்துப்போன மேஸ்திரி கிணற்றை மூடி மறைத்தான் என்றுதானே பேசுவார்கள்? அதையும் அவளிடமே சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லிடுண்ணா. நாளைக்கு ஒரு குதிர கால ஒடிச்சிகினா, அவுரு பேரு மட்டும் நிக்குமா? மேல ஒக்காந்துகினு வர்றவனுக்கும் வூட்ல ஒருத்தி இருப்பா."

ஆள் அனுப்பினேன். கேப்டன் ஜீப்பில் வந்தார். கடப்பாரையை வாங்கித் தானே குத்திப் பார்த்தார். முகம் கறுத்தது.

"யார் செஞ்ச வேலை?"

"என் மச்சான், சார். எறந்துட்டாரு. பாக்காம வுட்டது நானு."

குழியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குதிரைகளெல்லாம் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டன. போட்டியையே நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். கடைசியில், "நாப்பது அடி தள்ளி மாத்துங்க. பொழுது சாயறதுக்குள்ள முடியுமா?" என்றார்.

முடித்தோம். கட்டைகளைப் பிரித்து நகர்த்தினோம். ஏரிக் களிமண்ணை மணலோடு கலந்து கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டியாக்கினோம். கன்னியம்மாள் ஒரு முழம் விடாமல் கடப்பாரையால் குத்திக்கொண்டே வந்தாள். கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டோம்.

போட்டியன்று ஒன்பதாவது தடையருகே நின்றும் என்னால் பார்க்க முடியவில்லை. தோப்புக்குள் குளம்புச் சத்தம் கேட்டதும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"திரும்புண்ணா."

"வேணாம். நீ பாரு."

சத்தம் நின்றது. குதிரை காற்றில் இருக்கிறது என்று புரிந்தது. என் மூச்சும் அங்கேயே நின்றது.

"தாண்டிடுச்சிண்ணா!"

ஒவ்வொரு குதிரைக்கும் இதே பாடு. ஒரு செம்பழுப்புக் குதிரை மட்டும் இறங்கும்போது முன்கால் மடங்கி முட்டி போட்டது. கன்னியம்மாள் அலறிய அலறலில் திரும்பிவிட்டேன். ஓட்டி வந்தவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். கீழே மண் கெட்டியாக இருந்தது. குதிரை உதறி எழுந்து ஓடியது. பழைய இடமாக இருந்திருந்தால்? இன்னமும் அந்தக் கேள்வியோடுதான் கண் விழிக்கிறேன்.

போகும்போது கேப்டன் கன்னியம்மாளைக் கூப்பிட்டு, அடுத்த தடத்துக்கு மண்ணைச் சோதிக்கும் வேலையைச் செய்வாயா என்று கேட்டார். "செய்றேன் சார்" என்றாள். உன்னைப் பற்றி அவர் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அதற்கு நான் நன்றி சொல்வதா, வருத்தப்படுவதா?

உன்மேல் எனக்குக் கோபம்தான் மச்சான். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். யார் உன்னைப் பற்றிக் கேட்டாலும் கிணற்றைச் சொல்வேன். அந்த மழையில் மற்ற பதினேழு தடைகளின் கீழும் உன் மண் ஒரு விரற்கடைகூட அசையவில்லை என்பதையும் சொல்வேன். ஒன்றை விட்டு இன்னொன்றைச் சொல்லமாட்டேன்.

கன்னியம்மாளின் அண்ணன்,
என்றும் உன் மச்சான்,
தணிகாசலம்