ஒன்பது முறை ஒளு

சனிக்கிழமை, இரவு

என் தோழி பர்வீனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். தொழுகைக்கு ஒளு செய்து முடித்ததும் முழங்கையில் எங்கோ தண்ணீர் படவில்லை என்று தோன்றும். மறுபடி முதலிலிருந்து கழுவுவேன். சில நாள் ஒன்பது முறைகூட ஆகிவிடுகிறது என்று. தோல் வெடித்த கைகளையும் காட்டினேன். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டி" என்று கட்டிக்கொண்டு அழுதாள்.

இன்று மதரஸாவில் பெண்கள் வகுப்பு. பாடம் எடுக்கச் சேலத்திலிருந்து வரும் ஆலிமா என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"ஷமீமா ஒரு தொழுகைக்கு ஒன்பது தடவை ஒளு செய்யறாளாம், பர்வீன் சொன்னா. அல்லாஹ் மேல எவ்வளவு பயம் பாருங்க! நீங்களும் இருக்கீங்களே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கைகளைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் பர்வீனிடம் கேட்டேன். "ஏன்டி சொன்னே?"

"நல்லபடியாத்தானே சொன்னேன்? அவங்களும் பெருமையாத்தானே பேசினாங்க?"

"எனக்கு முடியலைன்னுதான்டி உன்கிட்ட சொன்னேன்."

அவளுக்கு அது விளங்கவே இல்லை.

செருப்பு மாட்டும்போது, ஆறாவது படிக்கும் ஆயிஷா பக்கத்தில் வந்தாள். "அக்கா, நான் ஒரு தடவைதான் ஒளு செஞ்சேனுங்க. என் தொழுகை செல்லாதுங்களா?"

"ஒரு தடவையே போதும் கண்ணு."

"அப்ப நீங்க ஏனுங்க ஒன்பது தடவை செய்யறீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் மறுபடி ஒளு செய்யக் குழாயடிக்கு ஓடிவிட்டாள். பின்னாலேயே போய்க் குழாயை மூடினேன். அழ ஆரம்பித்துவிட்டாள்.

நாளைக்கு ஆலிமாவிடம் நானே போய், இது இறையச்சம் இல்லை, என்னால் நிறுத்த முடியவில்லை என்று சொல்ல வேண்டும். போன வாரமாக இருந்தால் பர்வீனைத் துணைக்குக் கூப்பிட்டிருப்பேன்.