கௌசி எழுதிய பத்து

என் அன்புச் சரசுவுக்கு,

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. நம் கௌசல்யா இப்போது திருப்பூரிலேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முதல் வருடம். நம் வீடு இருக்கிற நல்லூரிலிருந்து ஒரே பஸ். "எம்புள்ள காலேஜ் படி மிதிக்கோணும்" என்று பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டே சொல்வாயாம். உன்னோடு தைத்தவர்கள் இன்னும் அதைச் சொல்கிறார்கள். மிதித்துவிட்டாள், சரசு. அந்தப் படியை விட்டு அவளை இறக்கிவிட இருந்தவன் நான். பெருமையைச் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டாவது வரைக்கும் தமிழில் படித்தவள். இங்கே எல்லாம் இங்கிலீஷ். முதல் மாதமே கரைசலின் செறிவு என்று ஒரு பாடம் வந்தது. எவ்வளவு கரைசலில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்பதுதான் விஷயமாம். அதற்கு மோல் என்று ஒரு கணக்கு, மோலாரிட்டி என்று ஒரு சூத்திரம். பஸ்ஸில் நின்றுகொண்டே மனப்பாடம் செய்தாள். முதல் டெஸ்டில் இருபத்தைந்துக்கு நான்கு வாங்கினாள்.

பேப்பர் வந்த அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "அப்பா, நானும் கம்பெனிக்கே போயிர்றேனுங்க" என்றாள்.

நீ இருந்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாய். நான் கேட்கவில்லை. மறுநாள் சாயப்பட்டறையில் என் ஷிப்ட் முடிந்ததும் நேராக உன் பழைய கம்பெனிக்குப் போய், சூப்பர்வைசரம்மாவிடம், தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங்கில் அவளுக்கு ஒரு வேலை கேட்டேன். திங்கள்கிழமை வரச் சொல் என்றார்கள். அப்பன் செய்கிற வேலையா இது? பிள்ளை ஒரு நாள் மனசு உடைந்து சொன்ன வார்த்தையை நான் விண்ணப்பமாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் இதைச் சொல்லலாம் என்று வீட்டுக்குள் நுழைந்தால், அவள் சமையல்கட்டில் இரண்டு டம்ளரோடு நின்றாள். ஒன்றில் உப்புத் தண்ணீர்.

"ஏனுங்கப்பா, இதுல பாதிய அந்த டம்ளர்ல ஊத்தினா, அதோட செறிவு என்னவாகும்?"

"பாதிதான் கண்ணு" என்றேன். இத்தனை வருடம் சாயத்தொட்டிக்கு லிட்டருக்கு இத்தனை கிராம் என்று உப்பு நிறுத்துப் போடுகிறவன் சொன்ன பதில் அது.

"நானும் அப்பிடித்தான் எழுதுனேன். கிளாஸ்ல பாதிப் பேரு அதையேதான் எழுதுனாங்க. வசந்தி மேம் இல்லைன்னுட்டாங்க. எனக்கு நம்பிக்கை வரலீங்க. பாத்துரலாம்னு."

பாதியை ஊற்றி, இரண்டையும் என்னிடம் நீட்டினாள். நக்கிப் பார்த்தேன். இரண்டும் ஒரே கரிப்பு. அவளும் பார்த்தாள். உப்பு பாதியானால் தண்ணீரும் பாதியாகிவிட்டது, அதனால் செறிவு மாறவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு முதல் டம்ளரில் வெறும் தண்ணீர் சேர்த்து மறுபடி ருசித்தாள். இப்போது கரிப்பு குறைந்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்க நீ இல்லையே என்று இருந்தது எனக்கு.

"திங்கக்கெழம காலேஜுக்கே போறேனுங்கப்பா" என்றாள். கம்பெனிச் செய்தியை நான் விழுங்கிக்கொண்டேன். சூப்பர்வைசரம்மாவிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து வசந்தி மேடத்திடமிருந்து போன். நாளைக்குக் கொஞ்சம் வர முடியுமா என்று. என்ன தப்புச் செய்தாளோ என்று அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். லேப் வாசலில் கௌசி நின்றிருந்தாள். அவள் முகத்திலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

"பயப்படாதீங்க, புகார் சொல்லக் கூப்பிடலீங்க" என்று உட்கார வைத்தார் அந்த அம்மா. நடந்ததை அவரே சொன்னார்.

குடுவையில் காரக் கரைசலை அளந்து எடுத்து, ஒரு மருந்து விட்டால் ரோஸ் நிறமாகுமாம். மேலே பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மறைகிற இடத்தில் நிறுத்தி, எத்தனை மில்லி செலவாயிற்று என்று எழுத வேண்டும். இருபது மில்லி வர வேண்டிய இடம். சீனியர்களின் நோட்டிலும் இருபதுதான் இருந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் பத்திலேயே நிறம் மறைந்துவிட்டது. நாம்தான் எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்து, ஆளாளுக்குச் சத்தமில்லாமல் இருபது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நம் மகள் மூன்று முறை செய்து, மூன்று முறையும் பத்து என்று எழுதியிருக்கிறாள்.

"எல்லாரும் இருபது எழுதியிருக்காங்க, நீ மட்டும் பத்தான்னு கொஞ்சம் கோபமாவே கேட்டுட்டேங்க. எனக்கு வந்தது அதுதானுங்க மேம், அமிலம் ரெண்டு மடங்கு ஸ்ட்ராங்கா இருக்கோணும்னு சொன்னா. நானே செஞ்சு பாத்தேன். பத்துதான் வந்துச்சு" என்றார் வசந்தி மேடம்.

காலையில் அவசரத்தில், ஒரு லிட்டர் கரைசலுக்கு அளந்த அமிலத்தை அரை லிட்டர் குடுவையில் ஊற்றிக் கோடு வரை தண்ணீர் நிரப்பியிருக்கிறார் அந்த அம்மா. அமிலம் அதே அளவு, கரைசல் பாதி, ஆகவே செறிவு இரட்டிப்பு. தப்பு என்னுடையது என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டாராம். பெரிய மனசு வேண்டும் அதற்கு. அதோடு நிற்கவில்லை. ஏன் பத்து வந்தது என்று நீயே சொல்லு, தமிழிலேயே சொல்லு என்று கௌசியைப் போர்டு முன்னால் நிறுத்திவிட்டார். கால் மணி நேரம் பேசினாளாம். கேட்டுவிட்டு ஒவ்வொருவராக எழுந்து, எங்களுக்கும் பத்துதான் வந்தது மேம் என்று ஒப்புக்கொண்டார்களாம்.

"சூத்திரம் எல்லாருக்கும் தெரியுமுங்க. கண்ணுல பட்டதை எழுதற தைரியத்தை நான் சொல்லிக் குடுக்க முடியாது. அதை உங்ககிட்ட நேர்ல சொல்லோணும்னு இருந்தது" என்றார்.

சரசு, நான் இரண்டு கையையும் கூப்பினேன். நீ இருந்திருந்தால் நாலு வார்த்தை நல்லதாகப் பேசியிருப்பாய்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்குச் செக்கிங்கில் வேலை பேசியிருந்தேன் சாமி என்று.

"தெரியுமுங்கப்பா. அந்த சூப்பர்வைசர் அக்கா அப்பவே சொன்னாங்க."

"அப்பறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். கோபமில்லை அவள் குரலில். பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறி எனக்கும் ஓர் இடம் பிடித்து வைத்தாள்.

இந்தப் பொறுமை யாரிடமிருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை என்பது மட்டும் தெரியும்.

அடுத்த மாதம் இன்னொரு டெஸ்ட். நான்கு வாங்கலாம், இருபதும் வாங்கலாம். எது வந்தாலும் பேப்பரை வாங்கி, எங்கே சிக்குச்சு கண்ணு என்று கேட்பேன். பதில் எனக்குப் புரியாவிட்டாலும் கடைசி வரை உட்கார்ந்து கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் வீட்டுக்காரன், கௌசியின் அப்பன்,
பழனிச்சாமி