ஏணி உங்க நாட்டுல

மாமா, பஸ் வந்துருச்சு, ஃபோன்ல பேசியே டைப் பண்றேன். இன்னைக்கு உங்களுக்கு லீவுதானே, சாம்பார் மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோங்க. லாக்கர் சாவி உங்க ஷூவுக்குள்ள.

ஸ்காட்லாந்து தனியாப் போகணுமான்னு நியூஸ்ல பாத்து சும்மா பேச ஆரம்பிச்சோம். இப்ப நம்ம ரூம்ல மேல் கட்டில்காரங்க நாங்க தனி நாடு கேட்டு, சாயங்காலம் ஓட்டெடுப்பு. ஏசி காத்து எங்களுக்காம், சார்ஜர் பிளக் உங்களுக்காம். வெளிய சொல்லாதீங்க, சோனாப்பூர் லேபர் கேம்ப்பே சிரிக்கும்.

"சுதந்திரம் வாங்கிக்கோ மாப்ள, ஏணி என் நாட்டுலதான் நிக்குது"ன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாளா எங்கிட்ட பேசல. எனக்கு ராத்திரி லேட்டாத்தான் தூக்கமே வருது.

மேல நாலு பேர். மணிமாறன் அண்ணன் ஊருக்குப் போனதால கீழ மூணு பேர். நான் மாறிப் போட்டா முடிவே மாறிடும். எனக்கு ஓவர்டைம், வர லேட்டாகும். ஓட்டுச் சீட்ட மடிச்சு உங்க தலகாணிக்கு அடியில வச்சிருக்கேன், அரிசி டப்பாவுல போட்டுருங்க. பிரிச்சுப் பாக்காதீங்க. பாத்துட்டாலும் போட்டுருங்க.

சேது

மறந்துட்டேன். எந்த நாடா ஆனாலும் காலைல நாலு மணிக்கு கீழேர்ந்து என் பலகைய உதைச்சு எழுப்பி விடுங்க மாமா. நேத்து நீங்க உதைக்கல, பஸ் போயிருச்சு.